எட்டு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை

எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்களாம். கொதிக்கிற அண்டாக்கள் இருக்கின்றன, ஆவி அடிக்கும், இரும்புப் படிகள் செங்குத்து. அதனால் நாலு வயது மகிழினியும் அவளுக்குக் காவலாக நானும் வழக்கம்போல வாசல் பெஞ்சில். ஊருக்குப் போனால் ஸ்காட்லாந்தில் என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள், விஸ்கி ஆலைகளின் வாசல்களைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதுதான். முந்தாநாள் ஒரு வாசல், நேற்று ஒரு வாசல், இன்று இது. குறை சொல்லக் கூடாது, எல்லாம் நல்ல வாசல்கள். சரளைக் கல் கொட்டிய முற்றம், வெள்ளையடித்த சுவர், கூரைக்கு மேலே சின்னக் கோபுரம் போல ஒரு புகைபோக்கி, சற்றுத் தள்ளி ஆறு ஓடுகிற சத்தம். டிக்கெட் கொடுக்கிற பெண் மகிழினிக்கு ஒரு கலைமான் படமும் கிரேயான் டப்பாவும் கொடுத்தாள், எனக்குக் காகிதக் கோப்பையில் டீ. சர்க்கரை வேண்டுமா என்றாள், வேண்டாம் என்றேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, நான் இரண்டு கரண்டி போட்டுக் குடிக்கிறவள். மனசு உள்ளே போய்விட்டது, வாய் மட்டும் இங்கே இருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாராய ஆலைக்கு வருவதா என்று முதல் நாள் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இங்கே யாருக்கும் அது ஒன்றும் இல்லை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறார்கள், கைத்தடியோடு தாத்தாக்கள் வருகிறார்கள், நாய்கூட வருகிறது. ஈரோட்டில் சாராயக் கடைப் பக்கம் நடந்தால் அம்மா என் தலையைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவாள், அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது, சாக்கடைதான் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். மகிழினி மானுக்கு நீலம் தீட்டுகிறாள். மான் நீலமாக இருக்காது கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது உள்ளே அண்ணனும் என் வீட்டுக்காரரும் மூத்தவளும் அண்டாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் பீப்பாய்க் கிடங்கு. அப்புறம் ருசி பார்க்கிற அறை. எல்லா ஆலையிலும் இதே வரிசைதான், நான் உள்ளே போகாமலே மனப்பாடம் ஆகிவிட்டது. ஈரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிற அண்ணனுக்கு இது வாழ்நாள் ஆசை. மஞ்சள் மண்டியிலேயே காலம் போய்விட்டது அம்மிணி, ஒருக்கா அந்த ஊரையும் அந்தத் தண்ணியையும் பாத்துடணும் என்று போனில் ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். அண்ணி குளிருக்குப் பயந்து வரவில்லை. அண்ணனுக்குச் செங்கோட்டுவேல் என்று பெயர், மூக்கு முட்டச் சாப்பிடுவார், வயிறு குலுங்கச் சிரிப்பார், குடி அவருக்கு ஒரு தொந்தரவே இல்லை. கிடாவெட்டு, தீபாவளி, விருந்தாளி வந்த நாள், இரண்டு தம்ளர், அதோடு சாப்பாடு, தூக்கம். காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து பல் விளக்கிவிட்டு நிற்பார். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரால் அப்படி முடியவில்லை, அவ்வளவுதான். அது அண்ணனுக்குத் தெரியாது. நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். என் மாப்ள மாதிரி கூட உக்காந்து பேச ஆள் கெடைக்குமா என்பார். நான் சொல்லியிருக்கலாம். அவர் குடிய விட்டுட்டார் அண்ணா, ரெண்டு வருஷம் ஆகப்போகுது, நீங்க கூப்பிடாதீங்க. இவ்வளவுதான். இதைச் சொன்னால் ஏன் விட்டார் என்று கேட்பார், ஏன் என்றால் எவ்வளவு குடித்தார் என்று சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நல்லா இருக்கோம்ண்ணா என்று நான் சொன்னதெல்லாம் என்ன ஆவது. என் வீட்டில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அந்த ஒரு வீம்பு.

முதல் இரண்டு நாளும் சமாளித்தாகிவிட்டது. வண்டி ஓட்ட வேண்டும் மச்சான் என்றார் இவர், ஒரே வார்த்தை, அண்ணனும் விட்டுவிட்டார். வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த ஊரில் தனி மரியாதை, அவர் பங்கைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி மூடி, வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்ளுங்கள் என்று கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இவர் அதை வாங்கிய கையோடு அண்ணனிடம் நீட்டிவிடுவார், சூடான பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி. ஆனால் இன்றைக்கு வண்டி இல்லை. தங்கியிருக்கிற விடுதி பாலத்துக்கு அந்தப் பக்கம், நடந்தே வந்தோம். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அண்ணன் சிரித்தார். "இன்னைக்கு வண்டி கெடையாதுங்க மாப்ள. எப்படித் தப்பிக்கறீங்கன்னு பாக்கறேன்." இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அதில் பயம் இருந்ததா, ஆசை இருந்ததா என்று தெரியவில்லை, இரண்டும் அவர் முகத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும், இத்தனை வருஷத்தில் எனக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தலைவலி என்று அவர் விடுதியிலேயே இருந்திருக்கலாம். நான் சொல்லியிருந்தால் இருந்திருப்பார். நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை, ஆளுக்கொரு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

நம்பிக்கை இல்லையா என்றால் இருக்கிறது. நம்பிக்கை ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். அந்த நாட்களில் அவர் உள்ளே நுழைந்ததும் சமையல்கட்டிலிருந்து கூப்பிடுவேன், ரசத்துக்கு உப்புப் போதுமா பாருங்க. கரண்டியை நீட்டிக்கொண்டே பக்கத்தில் போய் நிற்பேன். கிராம்பு மென்றுகொண்டு வருவார். கிராம்பு வாசனை வந்தாலே அன்றைக்கு ரசம் எனக்கு இறங்காது. சத்தம் போடுகிற குடி இல்லை அவருடையது, கை நீட்டுகிற குடி இல்லை, சோபாவில் உட்கார்ந்தபடியே இந்த உலகத்திலிருந்து காணாமல் போய்விடுகிற குடி. மூத்தவள் ஆதிரையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர மறந்து தூங்கிவிட்டார் ஒரு நாள். நான் வேலையில் இருந்தேன், போன் பையில் கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது மழைக்கோட்டின் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு டீச்சரோடு வராந்தாவில் நின்றாள், எட்டு வயது, அழவே இல்லை. அப்பாவுக்கு ஆபீஸ்ல வேலையா இருக்கும்மா என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். அன்றைக்கு நிறுத்தியவர்தான். வியாழக்கிழமைதோறும் ஒரு கூடத்தில் அவரைப் போன்றவர்கள் கூடிப் பேசுகிறார்கள், அங்கே போய்விட்டு வருகிறார். பிள்ளைகளிடம் அப்பா பேட்மிண்டன் விளையாடப் போகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம், அதற்காக ஒரு மட்டைகூட வாங்கினோம். அப்பா மட்டையில ஒரு நரம்புகூட அறுந்ததே இல்லம்மா என்று ஆதிரை ஒருநாள் சொன்னாள். அப்பா அவ்வளவு பதவிசாக விளையாடுவார் என்று சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டேன். இப்போதும் சில நாள் உப்புப் பார்க்கக் கூப்பிடுகிறேன், பழக்கம் போகவில்லை. வருவார், கரண்டியை வாங்குவார், ருசி பார்ப்பார், என் முகத்துக்கு நேரே குனிந்து, உப்பு சரியா இருக்கு என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுப் போவார். அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூடக் கோபித்ததில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருக்கும், இருந்தும் மறுவாரம் கூப்பிடுவேன்.

ஆதிரையும் வெளியே இருந்திருக்கலாம், இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். பத்து வயதுப் பெண்ணுக்குப் பீப்பாயில் என்ன இருக்கிறது. முதல் நாளே நடந்து நடந்து கால் வலிக்கிறது என்றாள், சரி நாளைக்கு எங்களோடு உட்கார்ந்துகொள், படம் வரையலாம் என்றேன், வேண்டாம், நான் அப்பாகூட உள்ள போறேன். வர வர அப்பா பிள்ளையாகிவிட்டாள். காரில் அப்பா சீட்டுக்கு நேர் பின்னால்தான் உட்காருவாள், எவ்வளவு தூரப் பயணம் என்றாலும் தூங்க மாட்டாள். தங்கையோடு சண்டை கிடையாது, பொம்மையைப் பிடுங்கினால் விட்டுக்கொடுத்துவிடுவாள். அண்ணன்கூடச் சொன்னார், பெரிய மனுஷி மாதிரி இருக்கறா அம்மிணி உன்ற மூத்தவ என்று. எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் கண்தான் எனக்கு இப்போது கவலை. அடிக்கடி தூசி விழுகிறது. மழையில் ஊறிக் கிடக்கிற இந்த நாட்டில் தூசி எங்கிருந்து வருகிறதோ, பாலைவனத்தில் வளர்கிற பிள்ளைக்கு விழுகிற மாதிரி விழுகிறது. அப்பா, கண்ல தூசி, ஊதி விடுங்க என்று போய் நிற்பாள். நான் ஊதுகிறேன் வா என்றால் வரமாட்டாள், அப்பா ஊதினால்தான் போகுமாம். கண் பார்க்கிறவரிடம் கூட்டிப்போனேன், கண் சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமே இல்லை என்றார். சரியாகப் பார்க்கவில்லை என்று அவரோடு வாக்குவாதம் செய்துவிட்டு, மருந்துக் கடையில் நானே சொட்டு மருந்து வாங்கினேன். இந்தக் கைப்பையில்தான் இருக்கிறது. முந்தாநாள் ஆலையிலிருந்து வெளியே வந்ததும் தூசி, நேற்றும் தூசி. பார்லித் தூசியாக இருக்கும், உள்ளே மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்களே. இன்றைக்கு வந்ததும் மறக்காமல் மருந்து விட வேண்டும்.

காற்று திரும்பியிருக்கிறது, வாசனை இந்தப் பக்கம் வருகிறது. ஹார்லிக்ஸ் வாசனை. முதல் நாள் ஆதிரைதான் கண்டுபிடித்தாள், அம்மா இது ஹார்லிக்ஸ்ம்மா என்று. பார்லியை முளைகட்டி வேக வைக்கிறார்களாம், இரண்டும் ஒரே சங்கதிதான் போலிருக்கிறது. அதற்குப் பின்னால் கொஞ்சம் புளிப்பாக, பொங்கி வழிகிற நிலையில் இருக்கும் இட்லி மாவின் வாசனை. எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. வெறுக்கலாம் என்று தயாராக வந்தவளுக்கு என் சமையல்கட்டு வாசனையே வந்தால் நான் எதை வெறுப்பது. இதிலிருந்தா அது வருகிறது. சோபாவின் துணியிலும் தலையணையிலும் ஒட்டிக்கொண்டு துவைத்தாலும் போகாத அந்த வாடை, அதுவும் ஒரு காலத்தில் இப்படிக் குழந்தைக்குக் கொடுக்கிற வாசனையாகத்தான் இருந்திருக்கிறது. "அம்மா, அந்த மரம் ஏன் கருப்பா இருக்கு?" மகிழினி கிடங்குப் பக்கம் கை காட்டுகிறாள். உண்மைதான், அடி முதல் கிளை வரை கரி பூசிய மாதிரி. சுவரும் அப்படித்தான். அதையும் ஆதிரை நேற்று கேட்டு வந்து சொன்னாள், பீப்பாய்க்குள் இருக்கிறது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடுமாம், அதைத் தேவதைகளின் பங்கு என்று சொல்கிறார்களாம், அந்த ஆவியைத் தின்றுதான் இந்தக் கருப்புப் பூஞ்சை வளர்கிறதாம். தேவதைக்குத் தலை சுத்தாதா என்று மகிழினி கேட்டாள், எல்லாரும் சிரித்தோம். மூடி போட்டு வைத்தாலும் கசிகிறது. பக்கத்தில் நிற்கிற மரத்தின் மேல் போய் உட்காருகிறது. மரம் என்ன கேட்டா வாங்கியது.

இந்நேரம் ருசி பார்க்கிற அறைக்கு வந்திருப்பார்கள். டிக்கெட் வாங்கும்போது கதவிடுக்கில் பார்த்தேன், நீள மேசை, ஆளுக்கு மூன்று சின்னத் தம்ளர், பிள்ளைகளுக்கு ஆப்பிள் ஜூஸ். அண்ணன் தன் பங்கை மோந்து பார்த்துக் கண்ணை மூடுவார். அப்புறம் இவர் பக்கம் ஒன்றை நகர்த்துவார். சும்மா ஒரு வாய் மாப்ள. அன்பாகத்தான் சொல்வார், அதுதான் பயமே. கோபமாக நீட்டினால் தள்ளிவிடலாம், அன்பாக நீட்டுகிறதை எப்படித் தள்ளுவது, அதுவும் பெண் கொடுத்த வீட்டு ஆள் நீட்டும்போது. இவர் கட்டைவிரலால் தம்ளரின் விளிம்பைத் தடவுவார். அந்த விரல் எனக்குத் தெரியும். ஒரு வாய்தானே என்று விரல் முதலில் முடிவு செய்யும், அப்புறம்தான் மனுஷனுக்குத் தகவல் போகும். ஒரு வாயில் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது. கழிப்பறை அந்த அறைக்குப் பக்கத்தில்தான். "ஒண்ணுக்கு வருதா கண்ணு?" "வரல." மானின் கொம்புக்கும் நீலம். "போய்ட்டு வந்துறலாம்டி, அப்புறம் வழியில கேப்ப." "வரலம்மா." எத்தனை தடவை கேட்பாய் என்பது போல என்னைப் பார்க்கிறாள். பிள்ளைக்கு வராத மூத்திரத்தை வைத்து நான் எப்படி உள்ளே போவது. போய்த்தான் என்ன செய்வேன், கதவிடுக்கில் நின்று பார்ப்பேன், பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். டீ ஆறிவிட்டது. ஆற்றில் ஒருவன் முழங்கால் வரை இறங்கி நின்று தூண்டில் போடுகிறான், வந்ததிலிருந்து அப்படியே நிற்கிறான், ஒன்றும் சிக்கவில்லை, அவனுக்கு அதைப் பற்றி வருத்தமும் இல்லை. எனக்கு அப்படி நிற்கத் தெரிந்தால் தேவலை.

கதவு திறக்கிறது. அண்ணன்தான் முதலில், முகம் சிவந்து, கையில் காகிதப் பை, குழந்தை திருவிழாவிலிருந்து வருகிற மாதிரி சந்தோஷம். பின்னால் இவர், அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஆதிரை. நடை நேராக இருக்கிறது. நடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அவர் எப்போதும் நேராகத்தான் நடப்பார். நான் எழுந்திருக்கிறேன், அண்ணன் வந்து பெஞ்சில் தொப்பென்று உட்காருகிறார்.

"என்ன அம்மிணி உன்ற வூட்டுக்காரர், இப்படி ஏமாத்திப்போட்டாரு."

"ஏண்ணா, என்ன ஆச்சு?"

"எத்தனை தடவ சொல்லி, ஒருவழியா தம்ளரக் கையில வாங்கிட்டாரு. வாய்கிட்டக் கொண்டு போகல, பாப்பாவுக்குக் கண்ணுல தூசி விழுந்துருச்சு. ஊதுங்கப்பா ஊதுங்கப்பான்னு ஒரே புடியா நிக்கறா. கீழ வெச்சுட்டு ஊதினாரு. மறுக்கா எடுத்தாரு, மறுக்கா தூசி. அந்த ரூமுல தூசி ஏது, கண்ணாடியாட்டம் தொடச்சு வெச்சிருக்கறான். அப்பறம் அந்தத் தம்ளரத் தொடவே இல்ல போ. மூணையும் நானே குடிச்சேன்." வயிறு குலுங்கச் சிரிக்கிறார்.

கைப்பைக்குள் மருந்தைத் தேடிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. ஊதச் சொல்லிப் பக்கத்தில் போய் நிற்பது. மூக்குக்கு நேரே வாய் வரும்படி நிற்பது. ரசக் கரண்டியை நீட்டிக்கொண்டு நான் நின்ற அதே இடம். முந்தாநாள் தூசி, நேற்றுத் தூசி. அதற்கு முன்னால், வியாழக்கிழமை இரவு அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் தூசி. ஏன் வியாழன் வியாழன் விழுகிறது என்று எனக்கு ஒருதரம்கூடத் தோன்றவில்லை. கண் டாக்டரோடு சண்டை போடத் தோன்றியது. காரில் தூங்காமல் அவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது, கால் வலியோடு ஆலை ஆலையாக ஏறி இறங்கியது. அப்பா பிள்ளையாம். பெரிய மனுஷியாம். எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. அண்ணனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளை உள்ளே போயிருக்க வேண்டாம். என் வீம்பைக் காப்பாற்ற நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், அப்பாவைக் காப்பாற்ற அவள் உள்ளே நின்றாள். எட்டு வயதுக்குக் கீழே என்றால்தான் வெளியே நிறுத்துவார்களாம். பத்து வயதை யார் நிறுத்துவது.

இவர் என் பக்கத்தில் வந்து நின்று, என் கையிலிருந்த ஆறிப்போன டீயை வாங்கி ஒரு வாய் குடிக்கிறார். வழக்கமாகச் செய்கிறபடி என் முகத்துக்கு நேரே குனியவில்லை. ஆதிரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொல்கிறார்.

"கையில வாங்கிட்டேன் வளர்மதி."

"தெரியும்."

"அவ மட்டும் இல்லன்னா..." அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும் கலங்கியது, இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டோம். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, அவரு குடிக்கறதில்லீங்க. விட்டு ரெண்டு வருஷமாகப் போகுது. ஒரு வாய்கூட ஆகாதுங்ண்ணா. முந்தி ரொம்ப அதிகமா இருந்துச்சு, நான்தான் உங்ககிட்டச் சொல்லாம மறைச்சுட்டேன். இனி கூப்பிடாதீங்க."

சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்தான் ஆனது. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், தள்ளி நிற்கிற மாப்பிள்ளையைப் பார்த்தார், கையிலிருந்த காகிதப் பையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலுக்குக் கீழே பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன அம்மிணி. நான் ஏன் இந்த ஊருக்கு வர்றேன். உங்கூட்லயே தோசை தின்னுட்டுக் கெடந்திருப்பேன்ல." பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, "மாப்ளகிட்ட நான் நீட்டியிருக்கக் கூடாது" என்றார். எழுந்து போய் இவர் தோளில் கை போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார். என்ன பேசினார்களோ, முதுகுதான் தெரிந்தது.

ஆதிரை சரளையில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் ஒன்றும் இல்லை. சிவப்புக்கூட இல்லை. நான் கைப்பையை மூடினேன்.

"மாமாகிட்டச் சொல்லிட்டீங்களாம்மா?"

"சொல்லிட்டேன் கண்ணு."

"அப்ப நான் இனிமே உள்ள போக வேண்டாமா?"

"வேண்டாம். அது உன் வேலையே இல்ல. அம்மா பாத்துக்கறேன்."

"எப்ப இருந்து?"

"இப்ப இருந்து."

அவள் ஆற்றுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இரண்டு முதுகுகள். பிறகு ஷூவைக் கழற்றிப்போட்டுவிட்டு, மகிழினிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள். மான் நீலமா இருக்காதுடி என்றாள். இருக்கும் என்றாள் மகிழினி. குடு அத என்று கிரேயானைப் பிடுங்கினாள், இவள் விடவில்லை, என்னுது என்று கத்தினாள், ரெண்டு பேருக்கும்தான் குடுத்தாங்க என்று அவள் அதைவிடப் பெரிதாகக் கத்தினாள், டப்பா கவிழ்ந்து கிரேயான்கள் சரளையில் உருண்டன, ஒருத்தி தலைமயிரை ஒருத்தி பிடித்துக்கொண்டாள். டிக்கெட் கொடுக்கிற பெண் சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்து, விலக்கிவிடவா என்பது போல என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.